என் கூரையின்கீழ்

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு.
பெஞ்சுக்கு நாலு அட்டை, பிளாஸ்டிக் ஒட்டியது.
"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார் பாதர் கோர்மியே.
நாற்பது வருடப் பழக்கத்தில் பாதிக் கோவில்
"உம்மோடும்" என்றது.
அட்டையைப் பார்த்த மீதி
"உம் ஆன்மாவோடும்" என்றது.
நடுவில் ஒரு சத்தம் விழுந்தது,
ஏணி சரிகிற மாதிரி.
நான் கண்ணாடி கொண்டுபோகவில்லை.
வாயை மட்டும் அசைத்தேன்.

விசுவாச அறிக்கையில், பிதாவுக்குப் பக்கத்தில்,
புதிதாக ஒரு நீளச் சொல்.
ரோடரிக் அதை மீன்முள்ளைப் போல நாக்கில் புரட்டி
ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

பிறகு அந்த வரி வந்தது:
"ஆண்டவரே, நீர் என் கூரையின்கீழ் வர
நான் தகுதியற்றவன்."
நாலு பெஞ்சு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.
கேப் பிரெட்டனின் இந்த மூலையில்
கூரை வேலைக்கு நான் ஒருவன்தான்.
யார் வீட்டில் எந்த மூலை ஒழுகும்,
எந்த உத்தரத்தை எறும்பு தின்கிறது,
யார் மூன்று வருடமாய்ப் பாக்கி,
எல்லாம் தெரியும்.
தகுதியுள்ள கூரை ஒன்றுகூட இல்லை, பாதர் வீடு உட்பட.

மர்டீனா சிரிக்கவில்லை.
அவள் கிண்ணத்தருகிலேயே நின்றுவிட்டாள்.
போன வாரம் வரை அந்த இரத்தம்
"எல்லாருக்காகவும்" சிந்தப்பட்டது.
இன்று "பலருக்காக".

வாசலில், பனியில், பாதரை நிறுத்திக் கேட்டாள்:
"அந்தப் பலரில் என் லாக்லன் உண்டா?"
பாதர் விளக்கினார். லத்தீன் மூலம். ஆயர்களின் மடல்.
பலர் என்றால் சிலர் என்று பொருள் இல்லை,
யாரையும் தள்ளவில்லை.
அவர் தொப்பியில் பனி ஏறிக்கொண்டே இருந்தது.
முழுவதும் கேட்டுவிட்டு
"சரி பாதர்" என்றாள்.
கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை.

ஜனவரியில் வடகிழக்குக் காற்று
அவள் வீட்டில் பதினொரு தார்த்தகடுகளைப் பிய்த்தது.
போன் செய்தாள்.
ஒழுகியது பையனின் அறையில்.
கட்டில் மேல் ஒரு இறால் கூடை,
அதற்குள் ஒரு வாளி.
நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் செய்தது
ஊருக்கே தெரியும். செத்தவனின் அண்ணன்
எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறான்.

ஏணியை அவள்தான் பிடித்தாள்.
கீழிருந்து, காற்றுக்கு மேலே குரலை எடுத்து, சொன்னாள்:
"ரானல்ட், அந்தக் கூரை வரி.
யார் சொன்னது என்று தேடிப் படித்தேன்.
ஒரு படைத்தலைவன். தனக்காக இல்லை.
வீட்டில் முடங்கிக் கிடந்த வேலைக்காரனுக்காக.
அவன் அந்த இடத்தில் நிற்கக்கூட இல்லை."

வாயில் ஆணி. பேச முடியவில்லை.
எடுத்துவிட்டுக் கேட்டேன்:
"ஆண்டவர் வீட்டுக்குப் போனாரா?"
"இல்லை. அங்கிருந்தே ஒரு வார்த்தை.
அதே நேரத்தில் அவன் எழுந்துவிட்டான்."

டார்செஸ்டர் சிறைக்கு இங்கிருந்து காரில் ஆறு மணி நேரம்.
சாலை திறந்திருந்தால்.

ரசீது எழுதினேன். பாதி கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு எனக்கு முன்பெஞ்சில் இருந்தாள்.
அட்டையைத் தொடவில்லை.
"பலருக்காக" வந்தபோது அவள் தோள் இறுகியது.
இறுகியபடியே இருந்தது.
பிறகு எல்லாரும் சொல்ல, அவள் குரல்
ஒரு விரற்கடை விலகிப் போனது:
"ஆண்டவரே, நீர் அவன் கூரையின்கீழ் வர
அவன் தகுதியற்றவன்.
ஆனால் ஒரு வார்த்தை சொல்லும்."

அட்டையில் அப்படி இல்லை.
பாதருக்குக் கேட்டிருக்கும். குனிந்து
தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்,
சிறையின் கூரை எப்படிப்பட்டது தெரியுமா என்று.
அவளே சொன்னாள்: தட்டையாம்.

தட்டைக் கூரை வேலை எனக்குத் தெரியாது.
தண்ணீர் தேங்கும், அது மட்டும் தெரியும்.